காவற்படையின் கிளாக்கர்

விக்னராஜா அண்ணையைத் துணிந்த மனிதர் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. தபால்காரன் கேற்றடியில் விசில் ஊதினால் யன்னலை விட்டு விலகி நிற்பார். ரயிலில் கதவுக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும் என்பார். வீட்டுப் பின்கதவைப் பூட்டினால் போதாது, அதன் கைபிடிக்குக் கீழே குசினியில் இருந்து சாப்பிடும் மரக்கதிரை ஒன்றை முட்டுக்கொடுத்து வைப்பார். சிட்னியின் மெரிலேண்ட்ஸில் அவரும் மனைவியும் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறையில் நான் இரண்டு வருடம் குடியிருந்தேன். எனக்குப் பரமட்டா ஆஸ்பத்திரியில் தாதி வேலை. பின்வளவில் உடுப்புக் காயப்போட வேண்டுமென்றால்கூட முதலில் அந்தக் கதிரையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அவர் மனைவி நாகேஸ்வரி அக்கா நேர்மாறு. யார் கதவைத் தட்டினாலும் அவர்தான் போய்த் திறப்பார். கொழும்பில் கடை வைத்திருந்த தமையனோடு வளர்ந்தவர், ஆட்களோடு கதைக்கத் தயங்கமாட்டார். "உவர் உள்ளுக்கை ஒளிச்சு நிக்கிறார், என்ன விசயம் எண்டு என்னட்டைச் சொல்லுங்கோ" என்று வந்தவரிடமே சொல்லிவிடுவார்.

அண்ணையின் பயத்துக்குக் காரணம் இருந்தது. தமிழருக்கெதிரான ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர் கொழும்பில் சந்து போன்ற ஓர் ஒழுங்கையில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் ஒழுங்கைக்காரர்கள் பொல்லுகளோடு முகப்பில் காவல் நின்றார்கள். வெளியாட்கள் எவரையும் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். தகரப் பீப்பாயைத் தட்டினால் எல்லோரும் ஓடிவந்து சேரவேண்டும் என்று ஏற்பாடு. அண்ணை அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாராம். மூன்றாம் நாள் அதே பீப்பாய் தட்டப்பட்டது. அதே ஆட்கள் அவர் இருந்த வீட்டுக்கே வந்தார்கள். அவர் பின்வளவு விறகுக் கொட்டிலுக்குள் பொழுதுபடும்வரை குப்புறக் கிடந்தார். வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்டேன். "அதை விடு பிள்ளை" என்றார்.

இப்படிப்பட்டவர் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆராய்ச்சிக்கு எடுத்த விசயத்தைக் கேட்டால் தலையில் அடிக்கத் தோன்றும். அமெரிக்கா என்றொரு நாடு உண்டாவதற்கு நூறு, நூற்றைம்பது வருடம் முன்பு, அங்கே குடியேறிய ஆங்கிலேயர் ஊருக்கு ஊர் வைத்திருந்த குடிப்படை. சம்பளப் பட்டாளம் இல்லை. கமக்காரன், தச்சன், கடைக்காரன் எல்லோரும்தான் படை. பதினாறு வயதிலிருந்து அறுபது வரை ஒவ்வோர் ஆம்பிளையும் தன் துவக்கையும் வெடிமருந்தையும் தானே கொண்டுவர வேண்டும். ஊர்ப் புல்வெளியில் பயிற்சி நாள் என்று ஒன்று வரும், வராதவன் தண்டம் கட்டவேண்டும். மசாசூசெற்ஸ் பக்கத்தில் கப்டனையே படையாட்கள் கூடித் தெரிவு செய்வார்களாம். ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கூப்பிட ஒரு கிளாக்கர் இருப்பார். ஆபத்து வந்தால் மூன்று வெடி, அல்லது விடாமல் மேளம்.

"உங்களுக்கேன் அண்ணை இந்த வேலை? துவக்கின்ர படத்தைக் கண்டாலே பக்கத்தைப் பிரட்டுற ஆள் நீங்கள்" என்று கேட்டேன்.

"பயந்த ஆக்கள் தங்களை எப்பிடி ஒழுங்குபடுத்தினவை எண்டு பாக்கிறன்" என்றார்.

அவருக்கு அந்தக் குடிப்படையில் ஒரேயொரு குறைதான். அவர்கள் நின்று பிடிக்கமாட்டார்கள். அறுவடை வந்தால், மாடு கன்று போட்டால், சும்மா அலுத்துப்போனால்கூட, உத்தரவு கேளாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒழுங்கீனத்தைத் திட்டி ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார். சாப்பாட்டு மேசையில் அதை வாசித்துக் காட்டி எங்கள் சோற்றை ஆறவைப்பார்.

எழுபத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் உடைக்கப்பட்டன. அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவென்று தொலைக்காட்சியில் நாள் தவறாமல் பழைய படை அணிவகுப்பும் மேளமும் காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஐந்து வீடு தள்ளியிருந்த ரொன் அதைப் பார்த்திருக்கிறான். தொழிற்சாலை ஒன்றில் ஆட்களை மேய்க்கும் போர்மன், முன்பு ஆமியில் சிப்பாயாக இருந்தவன், செம்பட்டை மீசை. எங்கள் தெருவுக்கும் அப்படியொரு காவல் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் வீட்டு மனிதர் அதைத்தான் படிக்கிறார் என்று எவரோ சொல்ல, ஒரு பின்னேரம் வந்து கதவைத் தட்டினான்.

வழக்கம்போல நாகேஸ்வரி அக்கா திறந்தார், அண்ணை கதவுக்குப் பின்னால் நின்றார். வந்த விசயத்தைக் கேட்டதும் மெல்ல வெளியே வந்தார். அதற்குப் பிறகு நடந்ததை நானே நம்பவில்லை. விறாந்தைப் படியில் ரொனுக்குப் பக்கத்தில் இருந்து, கையை ஆட்டி ஆட்டி ஒரு மணித்தியாலம் கதைத்தார். கப்டனை எப்படித் தெரிவு செய்வது, கூடும் இடம் எது, யார் யாருக்கு விலக்கு, ஒன்றையும் விடவில்லை. ரொன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். போகும்போது முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "விக், நீதான் எங்கள் கிளாக்கர்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்படித்தான் அந்தப் படை உண்டானது. மாதத்தின் முதல் ஞாயிறு தெருமுனைப் பூங்காவில் பயிற்சி. கையுயர்த்தி ரொனைக் கப்டனாக்கினார்கள். துவக்கு இல்லை, கிறிக்கெற் மட்டையும் ரோச் லைற்றும்தான். துவக்கு வெடிக்குப் பதிலாக ரொனின் கார் மூன்று தரம் ஹோர்ன் அடிக்கும். அடித்தால் எல்லோரும் அவன் வீட்டு முற்றத்தில் கூடவேண்டும். கிளாக்கர் பெயர் கூப்பிட்ட பிறகுதான் கப்டன் கட்டளை தரலாம். வராதவன் ஒரு பெட்டி பியர் தண்டம் கட்டவேண்டும். இத்தனையும் அண்ணை சொல்லிக்கொடுத்த ஒழுங்குதான். பெயர் எழுதிய கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பேர்ட்? லெஸ்?" என்று அவர் பெயர் கூப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பகிடியாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. சத்தம் கேட்டு உள்ளே ஓடியே பழகியவர், முதல்முறையாகச் சத்தம் கேட்டு வெளியே ஓடுகிற பக்கத்தில் இருந்தார். அந்த நாட்களில் பின்கதவுக்குக் கதிரை வைக்கக்கூட இடைக்கிடை மறந்துபோனார்.

நாகேஸ்வரி அக்காதான் ஒருநாள் மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் காலத்துப் பட்டாளத்திலை எங்களைப் போல வெள்ளையில்லாத ஆக்களைச் சேர்த்தவையோ?"

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மசாசூசெற்ஸிலை ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டிலை சேர்த்தவை. கறுப்பு ஆக்களையும், அங்கத்தைய பழங்குடி ஆக்களையும். ஆங்கிலேயரோடை இருக்கிறவை எல்லாரும் பயிற்சிக்கு வரவேணும் எண்டு சட்டம்."

"பிறகு?"

"ஐம்பத்தாறிலை விலத்திப்போட்டினம்."

"ஏன்?"

"பயந்திட்டினம். பக்கத்திலை நிண்டவனே திரும்பிச் சுட்டால் எண்ட பயம்."

"அங்கையும் ஐம்பத்தாறுதானோ" என்றார் அக்கா. எங்கள் நாட்டில் சிங்களமே ஆட்சிமொழி என்று தனிச்சிங்களச் சட்டம் வந்ததும் ஓர் ஐம்பத்தாறில்தான். "உந்தக் கதையை ரொனிட்டைச் சொன்னனீங்களோ?"

"அதேன் அவனுக்கு?" என்று சொல்லிவிட்டு அண்ணை எழும்பிப் போய்விட்டார்.

அந்த வருட முடிவில் ரொன் வீட்டுக்கு எதிர்ச் சாய்வில் எலியாஸ் குடும்பம் வந்தது. லெபனானில் சண்டை மூண்டு ஓடிவந்தவர்கள். எலியாஸ், அவன் மனைவி சல்மா, மூன்று பிள்ளைகள், கல்யாணமாகாத இரண்டு தம்பிமார். முன்முற்றத்தில் இறைச்சி சுட்டார்கள், உரத்துக் கதைத்தார்கள், புல்லை வெட்டாமல் விட்டார்கள். மெரிலேண்ட்ஸில் மற்றக் குற்றங்களைப் பொறுத்தாலும் பொறுப்பார்கள், புல் வெட்டாததைப் பொறுக்கமாட்டார்கள். பயிற்சி நாள்களில் கள்ளரைப் பற்றிய பேச்சுக் குறைந்து எலியாஸ் வீட்டைப் பற்றிய பேச்சுக் கூடியது. அண்ணை வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் கதிரை திரும்பவும் பின்கதவடிக்குப் போனது.

பெப்ரவரியில், கிழவர் பேர்ட்டின் கொட்டிலிலிருந்து புல் வெட்டுகிற மோவர் காணாமல் போனது. அது எங்கே போனதென்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை ரொன் வந்து கேற்றில் சாய்ந்தபடி அண்ணையோடு கதைத்துவிட்டுப் போனான். சிரித்த முகமாகத்தான் கதைத்தான். அண்ணை குசினிக்குள் வந்தபோது முகத்தில் இரத்தமில்லை. அக்கா வடைக்கு மா அரைத்து வைத்திருந்தார், அப்போது அவருக்கு ஏழாம் மாதம்.

"மத்தியானம் ஹோர்ன் அடிப்பினமாம்" என்றார் அண்ணை. "எலியாஸின்ர கொட்டிலைத் திறந்து பாக்கப் போகினமாம். திறக்காட்டி உடைப்பினமாம்."

"நீங்கள் போகாதேங்கோ."

"போகாட்டி நாளைக்கு இஞ்சை வருவாங்கள், நாகேஸ். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"போனால்?"

 அவர் மேசையில் கிடந்த கொப்பியை எடுத்துப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  பொலிசுக்குச் சொல்வோமா என்றேன். போன மாதம் ஒரு பொலிஸ்காரனே பூங்காவுக்கு வந்து ரொனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனதை அண்ணை நினைவுபடுத்தினார்.

அக்கா வடையைச் சுட்டு முடித்தார். ஒரு தட்டில் அடுக்கி என் கையில் தந்தார். பிறகு பின்கதவடிக்குப் போய், முட்டுக்கொடுத்திருந்த கதிரையை இழுத்து எடுத்தார்.

"எங்கை கொண்டுபோறாய்?" என்று அண்ணை பதறினார்.

"அவையின்ர விறாந்தையிலை இருக்க ஒண்டும் இல்லை. இந்த வயித்தோடை நிலத்திலை இருக்க எனக்கு ஏலாது" என்றார். என்னைப் பார்த்து, "நீ வாறியோ?" என்று கேட்டார்.

போகாமல் இருக்க வழி தெரியாமல்தான் போனேன். வீரமும் இல்லை, ஒன்றுமில்லை. கையில் தட்டு இருந்தது.

சல்மாவுக்கு ஆங்கிலம் பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாது. வடையைப் பார்த்துச் சிரித்தாள், அக்காவின் வயிற்றைத் தொட்டு ஏதோ கேட்டாள். எலியாஸும் தம்பிமாரும் உள்ளே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா கதிரையை விறாந்தை நடுவில், வாசலுக்கு நேரே போட்டு இருந்தார். என்ன நடக்கப்போகிறதென்று எப்படிச் சொல்வதென்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஹோர்ன் அடித்தது. மூன்று தரம், நீட்டி நீட்டி.

நாங்கள் ஒன்றுமே விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது ஹோர்ன் ஓயமுன்னம் சல்மாவின் பிள்ளைகள் மூவரும் யன்னலடியை விட்டு ஓடி, உள்ளே நடைக்கூடத்தில் சுவரோரமாகப் படுத்துத் தலைமேல் கையை வைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. கடைசிப் பிள்ளைக்கு நாலு வயது இருக்கும். அதைக் கண்டபிறகுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. எலியாஸ் கதவுக்குப் பின்னால் மண் அள்ளும் சவளோடு வந்து நின்றான். அக்கா திரும்பிப் பார்த்து, வேண்டாம், உள்ளே நில் என்று கையால் காட்டினார். 

தெருவில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. அது அண்ணையின் குரல். "பேர்ட்?" என்றார். "லெஸ்?" என்றார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. கடைசியில் தன் பெயரைத் தானே கூப்பிட்டுத் தானே பதில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

பதினொரு பேர் வந்தார்கள். நல்ல வெயில். எல்லோரையும் எனக்குத் தெரியும். ஒருவன் போன கிழமைதான் எனக்குக் கார் பற்றரி மாற்றித் தந்தவன். அவன் கையிலும் ஒரு கட்டை இருந்தது. கேற்றைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தார்கள். அண்ணை இரண்டாம் வரிசையில் கொப்பியும் கையுமாக வந்தார். அவர் முதலில் கண்டது கதிரையைத்தான் என்று நினைக்கிறேன். பிறகுதான் அதில் இருந்தவரைக் கண்டார்.

ரொன் நின்றான். "விக், உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போ. இது அவவின் அலுவல் இல்லை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

அண்ணை நடந்து வந்தார். அக்காவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். போகட்டும், நானும் பின்னால் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் முதற்படியில் கால் வைத்தார். அடுத்த கால் எழும்பவில்லை. சேலைத் தலைப்பு நழுவுவது போலச் சரிந்து, அப்படியே படியில் இருந்துவிட்டார். கொப்பி அவருக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டது.

"விக், எழும்பு" என்றான் ரொன்.

அண்ணை எழும்பவில்லை. ரொனைப் பார்க்கவும் இல்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே கதிரையில் அக்கா, பக்கத்தில் வடைத் தட்டோடு நான்.  வடையில் இலையான் மொய்த்தது. உள்ளே ஒரு பிள்ளை அழத்தொடங்க, எவரோ அதன் வாயைப் பொத்தியது கேட்டது. ரொன் எந்த நேரத்திலும் படியேறலாம். ஏறினால் அண்ணையைத் தாண்டி, அக்காவைத் தாண்டித்தான் போகவேண்டும். அவன் ஒரு காலை முன்னே வைத்தான். அவன் மட்டையில் பழைய பந்துகள் பட்ட சிவப்புத் தழும்புகளை இப்போதும் என்னால் எண்ணிச் சொல்லமுடியும்.

முதலில் லெஸ்தான் அசைந்தான். அவண் அடுப்பில் இறைச்சி வேகவைத்துவிட்டு வந்தேன், கருகப்போகிறது என்று முணுமுணுத்தான். திரும்பிக் கேற்றால் வெளியே போனான்.

"உத்தரவில்லாமல் போகிறான். எழுது விக், அவன் பெயரை எழுது" என்று ரொன் கத்தினான்.

அண்ணை எழுதவில்லை. கொப்பிதான் அவருக்குக் கீழே கிடந்ததே.

பிறகு மோவரைத் தொலைத்த பேர்ட் கிழவர், வெயில் தாங்கவில்லை என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். பற்றரி மாற்றித் தந்தவன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அவர்களும் ஒவ்வொருவராய்ப் போனார்கள். கடைசியில் ரொன் மட்டும் மட்டையோடு தனியே நின்றான். அந்த நேரம்தான் எனக்கு ஆகக் கூடுதலாகப் பயமாக இருந்தது. அவன் கேற்றுத் தூணில் மட்டையால் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு அவனும் போனான்.

"எழும்புங்கோ" என்றார் அக்கா.

"எழும்ப ஏலாமல் கிடக்கு, நாகேஸ். எனக்குப் பயமாயிருக்கு."

"எனக்கும்தான். அப்ப இருங்கோ."

பொழுதுபடும்வரை அங்கேயே இருந்தோம். எலியாஸ் சவளைக் கீழே வைத்துவிட்டு வந்து அண்ணைக்குப் பக்கத்தில் படியில் இருந்தான். வடை முழுவதும் பிள்ளைகளுக்குப் போனது. கதிரையை விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு அது சல்மாவின் விறாந்தையிலேயே கிடந்தது.

அந்த ஹோர்ன் திரும்ப அடிக்கவில்லை. பயிற்சி நாளும் வரவில்லை. ரொன் அடுத்த கிழமையே வேலிக்கு மேலால் கையசைத்தான், ஒன்றும் நடவாதது போல. எலியாஸ் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அண்ணையைச் சிங்கம் என்று சொன்னான். துணிந்த மனிதர் என்ற கதை அங்கேதான் தொடங்கியது. அண்ணை ஒவ்வொரு தரமும் திருத்துவார், "கால் நிக்கேல்லை, அவ்வளவுதான்" என்று. ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சித்திரையில் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அண்ணை அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினார். உத்தரவு கேளாமல் வீட்டுக்குப் போனவர்களைத் திட்டிய அத்தியாயம் அது. இந்த முறை திட்டவில்லை. "அவணிலை இறைச்சி இருக்கெண்டு ஞாபகம் வந்துது பார், பிள்ளை, அது பெரிய விசயம்" என்று என்னிடம் சொன்னார். கதிரை இல்லாமலே பின்கதவு அந்த மாதங்களில் சும்மா சாத்திக் கிடந்தது. உடுப்புக் காயப்போட நான் தாராளமாகப் போய்வந்தேன்.

ஓகஸ்டில் இலங்கையில் திரும்பவும் கலவரம் என்று வானொலியில் சொன்னார்கள். அக்காவின் தமையனைப் பற்றி அறிய, கொழும்பில் அவரின் சிநேகிதர் ஒருவருக்கு ட்ரங்க் கோல் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தோம். இணைப்புக் கிடைத்தபோது அக்கா பிள்ளையை மடியில் வைத்திருந்தார், அண்ணைதான் எடுத்துக் கதைத்தார். கதைத்தார் என்று சொல்லமுடியாது, "ஓம், ஓம்" என்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். தமையன் குடும்பம் உயிரோடு முகாமில் இருந்தது. கடை இல்லை, வீடு இல்லை. உடைக்க வந்தவர்கள் அடுத்த தெரு ஆட்கள்தான்.

ரிசீவரை வைத்துவிட்டு அண்ணை என்னைப் பார்த்தார்.

"அங்கை வந்தவையிலை ஒருத்தரும் திரும்பி வீட்டை போகேல்லை, பிள்ளை" என்றார்.

அன்று பின்னேரம் அவர் எலியாஸ் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கதிரையைத் திருப்பி வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்கதவைப் பூட்டி, அதை முட்டுக்கொடுத்து, இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தார். அக்கா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் போய், இன்னொரு கதிரையை எடுத்துவந்து முன்கதவுக்கு வைத்தார்.